மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு வாரம்

ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக்கொடுக்கும்போது சொல்லப்படும் எச்சரிக்கைகள் நம் ஊரில் பலருக்கும் மனப்பாடம். சர்க்கரை ஏறும். முகம் உப்பும். எலும்பு பலவீனமாகும். வெறும் வயிற்றில் போடக் கூடாது, பாதியில் நிறுத்தக் கூடாது. எல்லாமே உடம்பைப் பற்றியவை. மனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அனுப்புகிறவர்கள் குறைவு.

அந்த ஒரு வார்த்தை சொல்லப்படாததால் எத்தனையோ வீடுகள் தவித்துப்போகின்றன. காலையில் பேப்பர் படித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், மாத்திரை தொடங்கிய நாலைந்து நாட்களில் நள்ளிரவில் பீரோவைக் காலிசெய்து திரும்ப அடுக்குகிறார். யாரையும் அதிர்ந்து பேசாத பெண், காபி ஆறிப்போனதற்காகக் கத்துகிறார், அடுத்த நிமிடம் அழுகிறார். ‘பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்’ என்று ஒருவர் ஜன்னலை மூடச் சொல்கிறார். நோய் வந்த கவலை என்று ஒரு மாமா சொல்வார். திமிர் என்று ஒரு சித்தி சொல்வார். காத்து கருப்பு என்று தாயத்துக்கு ஆள் தேடுவார் இன்னொருவர். மேசை மேல் இருக்கும் மாத்திரை அட்டையை யாரும் சந்தேகப்படுவதில்லை.

இங்கே பேசப்படுவது பிரெட்னிசோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், டெஃப்ளசகார்ட் போன்ற மருந்துகளைப் பற்றி. கடுமையான ஆஸ்துமா, முடக்குவாதம், லூபஸ், குழந்தைகளுக்கு வரும் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோய், தொழுநோயில் நரம்புகள் வீங்கும் ரியாக்‌ஷன், மூளைக்காய்ச்சல், சில வகைப் புற்றுநோய்கள் என்று இவை உயிரையும் உறுப்பையும் காக்கும் இடங்கள் ஏராளம். ஜிம்மில் தசை ஏற்றுவதற்காகச் சிலர் போட்டுக்கொள்ளும் ஊசி வேறு வகை. அது ஆண்மை ஹார்மோனின் உறவு. அதற்கும் மனத்தைக் குலைக்கும் குணம் உண்டு என்றாலும் அது தனிக் கதை.

ஸ்டீராய்டின் கதை அற்புதத்தில் தொடங்கியது. முடக்குவாத நோயாளி ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மூட்டுவலி மாயமாக மறைந்ததை 1929-இல் கவனித்தார் பிலிப் ஹென்ச். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் உள்ள மேயோ கிளினிக்கின் மருத்துவர் அவர். கர்ப்ப காலத்திலும் இந்த வலி தணிவதைப் பார்த்தவர், உடம்பே சுரக்கும் ஏதோ ஒன்றுதான் இதைச் செய்கிறது என்று நம்பினார். அதே நிறுவனத்தில் எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலாளர் அட்ரினல் சுரப்பியிலிருந்து பொருள்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்றுதான் பிறகு கார்ட்டிசோன் ஆயிற்று. மாட்டின் பித்தநீரிலிருந்து தொடங்கி முப்பதுக்கும் மேற்பட்ட வேதிப் படிகளைக் கடந்து மெர்க் நிறுவனம் அதைச் சிறிதளவு தயாரித்துக்கொடுத்தது. 1948 செப்டம்பர் 21 அன்று, படுக்கையிலிருந்து எழவே சிரமப்பட்ட 29 வயதுப் பெண்ணுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சில நாட்களில் அவர் நடந்தார், கடைத்தெருவுக்குப் போய்வந்தார். 1950-இல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் டாடியஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முதல் ஊசிக்கும் பரிசுக்கும் இடையே இரண்டே ஆண்டுகள்.

முகம் வட்டமாவது, மன நிலை மாறுவது போன்ற விளைவுகளும் அந்த ஆரம்பகால நோயாளிகளிடமே தெரிந்துவிட்டன. வலி போன மகிழ்ச்சிக்கும் மருந்து ஊட்டும் மகிழ்ச்சிக்கும் நடுவே கோடு போடுவது அன்று சுலபமாக இல்லை. வருடக்கணக்கில் முடங்கிக் கிடந்தவர் எழுந்து நடந்தால் உற்சாகமாகப் பேசத்தானே செய்வார்? அந்த உற்சாகம் எந்த இடத்தில் நோயாகிறது என்பதைத்தான் அடுத்த சில ஆண்டுகளில் மருத்துவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

பொதுமக்களுக்கு இதை எடுத்துச்சொன்னவர் ஒரு பத்திரிகையாளர். 1955-இல் ‘நியூ யார்க்கர்’ இதழில் பெர்ட்டன் ரூஷே எழுதிய ஒரு மருத்துவக் கட்டுரை, கார்ட்டிசோன் எடுத்துக்கொண்ட பள்ளி ஆசிரியர் ஒருவரின் மனம் எப்படிக் கட்டறுந்து பறந்தது என்பதைச் சொன்னது. மறு ஆண்டே அதை வைத்து நிக்கோலஸ் ரே இயக்கிய ‘பிக்கர் தேன் லைஃப்’ என்ற திரைப்படம் வந்தது. ஜேம்ஸ் மேசன் ஆசிரியராக நடித்தார். ரத்தக் குழாய் அழற்சியால் சாகக் கிடக்கும் ஓர் அன்பான மனிதரைக் கார்ட்டிசோன் காப்பாற்றுகிறது. பிறகு அவர் அளவுக்கு மீறி மாத்திரை விழுங்கத் தொடங்குகிறார். கையில் காசில்லாதபோதும் விலை உயர்ந்த துணிகளை வாங்கிக் குவிக்கிறார். பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளை இழிவாகப் பேசுகிறார். மகனைக் கணக்குப் பாடத்துக்காகச் சாப்பாடு இல்லாமல் உட்காரவைக்கிறார். முடிவில் அவனைப் பலிகொடுக்கவே துணிகிறார். அமெரிக்காவில் படம் ஓடவில்லை. கதையின் உச்சக்கட்டம் சினிமாவுக்காக மிகைப்படுத்தப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் படத்தின் முதல் பாதி இன்றைக்கும் மனநல மருத்துவர்களுக்குப் பரிச்சயமான காட்சி: கொஞ்சம் கூடுதலான சுறுசுறுப்பு, கொஞ்சம் கூடுதலான பேச்சு, கொஞ்சம் கூடுதலான செலவு. மனைவிக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று புரிகிறது. மற்றவர்கள் எல்லாம் அவர் குணமாகிவிட்டதாகவே நினைக்கிறார்கள்.

யாருக்கு இது வரும் என்ற கேள்விக்கு முதல் உறுதியான விடை 1972-இல் பாஸ்டனிலிருந்து வந்தது. மருத்துவமனைகளில் பிரெட்னிசோன் (பிரெட்னிசோலோனுக்குச் சமமான மருந்து) எடுத்துக்கொண்ட 718 நோயாளிகளை ஒரு கூட்டாய்வு கண்காணித்தது. நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் அல்லது அதற்குக் குறைவாக எடுத்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கு மனநலப் பாதிப்பு ஏற்பட்டது. 41 முதல் 80 மில்லிகிராம் வரை எடுத்தவர்களில் அது 4.6 சதவீதம். 80-ஐத் தாண்டியவர்களில் 18.4 சதவீதம். அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்ற இந்தப் பாடம் அரை நூற்றாண்டு கடந்தும் மாறவில்லை.

40 மில்லிகிராம் என்பது எவ்வளவு? ஆரோக்கியமான உடம்பு ஒரு நாளில் தானாகச் சுரக்கும் கார்ட்டிசால், பிரெட்னிசோலோன் கணக்கில் சுமார் 5 மில்லிகிராமுக்குள்தான் வரும். அப்படியென்றால் 40 மில்லிகிராம் என்பது உடம்பு தினமும் பழகியதைப் போல எட்டு மடங்குக்குக் குறையாது. மாத்திரைகளை ஒப்பிடும்போது இன்னொரு ஏமாற்றமும் உண்டு. டெக்சாமெத்தசோன் வெறும் 0.75 மில்லிகிராம், பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்குச் சமம். மெத்தில்பிரெட்னிசோலோன் என்றால் 4 மில்லிகிராம். அட்டையில் சின்ன எண் இருப்பதால் சின்ன மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. கொரோனா காலத்தில் பலருக்கும் பரிச்சயமான 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் 40-க்கு இணையானது.

2012-இல் இன்னும் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களின் பதிவுகளிலிருந்து, ஸ்டீராய்டு எடுத்துக்கொண்ட 3.7 லட்சத்துக்கும் அதிகமானோரை லாரன்ஸ் ஃபார்தே என்ற பிரெஞ்சு மருத்துவரும் அவருடைய லண்டன் சகாக்களும் ஆராய்ந்தார்கள். அதே நோய் இருந்தும் ஸ்டீராய்டு எடுக்காதவர்களோடு அவர்களை ஒப்பிட்டார்கள். இந்த ஒப்பீடு முக்கியமானது. ‘நோய் தந்த கவலைதான் காரணம்’ என்ற வாதத்துக்கு அது பதில் சொல்கிறது. ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம் தற்கொலை அல்லது தற்கொலை முயற்சி சுமார் 7 மடங்கு, மனக்குழப்பம் 5 மடங்கு, மேனியா என்ற கட்டுக்கடங்காத எழுச்சி நிலை 4 மடங்குக்கும் மேல், மனச்சோர்வு கிட்டத்தட்ட 2 மடங்கு காணப்பட்டது. வயதில் இளையவர்களிடம் தற்கொலை ஆபத்தும், வயதான ஆண்களிடம் குழப்பமும் மேனியாவும் கூடுதலாக இருந்தன. முன்பே மனநலப் பிரச்சினை இருந்தவர்களுக்கும், தொடக்கத்திலேயே அதிக அளவு எடுத்தவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

இந்த மடங்குகளைப் படித்துப் பதற வேண்டாம். மிகவும் அரிதாக நடக்கும் ஒன்று ஏழு மடங்கானாலும் பெரும்பாலானோருக்கு அது நடப்பதில்லை. மூச்சுத்திணறலுக்கு ஐந்து நாள் மாத்திரை வாங்கிப் போட்டவர்களில் மிகப் பெரும்பான்மையினர் கொஞ்சம் தூக்கம் கெட்டதோடு தப்பித்துவிடுவார்கள். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் இன்ஹேலரில் ரத்தத்துக்குப் போகும் மருந்து மிகக் குறைவு. அதைப் பயந்து நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

எப்போது வரும் என்பது தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். பழைய நோயாளிக் குறிப்புகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள்: பாதிக்கப்பட்டவர்களில் 39 சதவீதத்தினருக்கு முதல் வாரத்திலேயே அறிகுறி தொடங்கிவிடுகிறது, 62 சதவீதத்தினருக்கு இரண்டு வாரத்துக்குள், 83 சதவீதத்தினருக்கு ஆறு வாரத்துக்குள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து, விசாரிக்க வந்த உறவினர்களும் ஊர் திரும்பி, அடுத்த செக்கப்புக்கு இன்னும் நாள் இருக்கும் நேரத்தில்தான் இது தலைகாட்டுகிறது. பார்க்கக்கூடியவர்கள் வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே.

பெரும்பாலும் தூக்கத்தில்தான் ஆரம்பம். படுத்தால் மூளை ஓடிக்கொண்டே இருக்கும். எரிச்சல் வரும், கை துறுதுறுக்கும், பேச்சு வேகமாகும். பலருக்கு இதோடு நின்றுவிடும். சிலருக்கு மேலே போகும்: தூங்காமலே களைப்பு தெரியாது, பெரிய பெரிய திட்டங்கள் பிறக்கும், கடன் வாங்கித் தொழில் தொடங்கப் புறப்படுவார்கள். வேறு சிலருக்குக் கீழே இழுக்கும்: எதிலும் பிடிப்பில்லை, சாவைப் பற்றிய எண்ணம். சில வாரச் சிகிச்சையில் எழுச்சியும், மாதக்கணக்கில் நீளும் சிகிச்சையில் சோர்வும் அதிகம் என்பது மருத்துவர்களின் பொதுவான அனுபவம். இன்னும் சிலருக்குச் சந்தேகமும் மாயக்குரலும் வரும். வயதானவர்களுக்கு நாளும் கிழமையும் இடமும் தெரியாத குழப்பம் வரலாம். இரண்டு மூன்று நிலைகள் ஒரே ஆளிடம் கலந்தும் வரும், காலையில் ஒன்று மாலையில் வேறொன்று என்று மாறியும் வரும்.

மறதி இதில் அதிகம் பேசப்படாத பகுதி. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயே இல்லாத தன்னார்வலர்களுக்கு நாலு நாள் அதிக அளவு கார்ட்டிசால் கொடுத்தபோதே, கேட்ட விஷயத்தை நினைவுபடுத்திச் சொல்லும் திறன் குறைந்தது. நிறுத்தியபின் அது திரும்பியது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஸ்டீராய்டு எடுக்கும்போது ‘படிச்சது நிக்க மாட்டேங்குது’ என்று சொன்னால், அது சாக்காக இருக்க வேண்டியதில்லை.

மூட்டுக்கும் நுரையீரலுக்கும் கொடுக்கும் மருந்து மூளையை ஏன் தொடுகிறது? கார்ட்டிசால் அடிப்படையில் நெருக்கடி நேரத்து ஹார்மோன். அதன் செய்தியைக் கேட்டுக்கொள்ளும் ஏற்பிகள் உடம்பு முழுக்க உண்டு. 1968-இல் நியூ யார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ப்ரூஸ் மெக்யூவன், எலிகளுக்குக் கதிரியக்கக் குறியிட்ட ஹார்மோனைச் செலுத்திப் பார்த்தார். மூளையில் அது போய்த் தங்கிய இடம் ஹிப்போகாம்பஸ், நினைவையும் உணர்ச்சியையும் கையாளும் பகுதி. அதுவரை இந்த ஹார்மோனை மூளையின் அடித்தளப் பகுதிகளோடு மட்டுமே தொடர்புபடுத்திப் பார்த்தவர்களுக்கு அது பெரிய செய்தி. இயல்பான உடம்பில் கார்ட்டிசால் விடியலில் உச்சத்துக்குப் போய் இரவில் வடிந்துவிடும். மாத்திரை வடிவில் வரும் ஸ்டீராய்டு அந்தத் தாளத்தை மீறுகிறது. இரவு எட்டு மணிக்கு ஒரு மாத்திரை போட்டால், தூங்க வேண்டிய மூளைக்கு விடிந்துவிட்டது என்ற சேதி போகிறது. அதனால்தான் முடிந்தவரை காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே வேளையாக எடுக்கச் சொல்கிறார்கள்.

மருத்துவர்களையே திணறவைக்கும் நோய் ஒன்று உண்டு. லூபஸ் பெரும்பாலும் இளம் பெண்களைத் தாக்குகிறது. அந்த நோயே மூளைக்குள் புகுந்து மாயக்குரலையும் சந்தேகத்தையும் உண்டாக்கும். அதற்கான மருந்து ஸ்டீராய்டு. ஸ்டீராய்டும் அதையே உண்டாக்கும். ஒரு பெண் வார்டில் திடீரென்று யாரோ தன்னைக் கொல்ல வருவதாக அலறினால், மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா? இரண்டில் எது தவறினாலும் விலை அதிகம். மாத்திரை எப்போது தொடங்கியது, அளவு எப்போது கூடியது, மாற்றம் எந்த நாளில் தெரிந்தது என்று வீட்டார் சொல்லும் தேதிகள் அப்போது ரத்தப் பரிசோதனைக்கு நிகரான சாட்சி.

குழந்தைகள் இன்னொரு உலகம். நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் வந்த பிள்ளைக்கு முதலில் ஆறு வாரம் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பிரெட்னிசோலோன் கொடுக்கிறார்கள். தீராத பசி, அடம், கோபம், தம்பி தங்கையை அடிப்பது என்று பிள்ளை மாறிப்போவதை அம்மாக்கள் நன்றாக அறிவார்கள். ரத்தப் புற்றுநோய்க்கு டெக்சாமெத்தசோன் எடுக்கும் பிள்ளைகளிடமும் இதே போன்ற மாற்றங்கள் தெரியும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது அடி அல்ல. ‘மருந்து உன்னை இப்படிப் பண்ணுது, போய்விடும்’ என்ற ஒரு விளக்கத்தைக் கேட்க அதற்கும் உரிமை உண்டு. அந்த விளக்கத்தைப் பள்ளிக்கூடத்து டீச்சருக்கும் சொல்லிவைப்பது நல்லது.

நம் நாட்டுக்கே உரிய ஆபத்து, ஸ்டீராய்டு எடுக்கிறோம் என்றே தெரியாமல் எடுப்பது. சட்டப்படி இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. ஆனாலும் உடம்பு வலிக்கு, அரிப்புக்கு, சளிக்கு என்று பெயரில்லாத பொட்டலத்தில் மூன்று நான்கு மாத்திரை சேர்த்துக்கொடுக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதில் ஒன்று டெக்சாமெத்தசோனாகவோ பீட்டாமெத்தசோனாகவோ இருப்பது சகஜம். மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் ‘நாட்டு மருந்து’ என்று விற்கப்படும் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததை ஆய்வகங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. உடம்பு பெருக்க விற்கப்படும் மாத்திரைகளிலும் இதே கலப்படம் உண்டு. இரண்டே நாளில் வலி பறந்தது, பசி அள்ளிக்கொண்டு போகிறது, முகம் பளபளவென்று உப்புகிறது என்றால் அந்த மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். எடுப்பது எதுவென்றே தெரியாதபோது, மனம் தடுமாறும் நாளில் மருத்துவரிடம் என்னவென்று சொல்வது?

கொரோனா ஸ்டீராய்டை ஊர் முழுக்கப் பரப்பியது. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை டெக்சாமெத்தசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக அறிவித்தது. அளவு தினமும் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள், பயன் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும். 2021-இன் இரண்டாம் அலையில் வீட்டில் இருந்த லேசான நோயாளிகள் பலரும் வாட்ஸ்அப் மருந்துச் சீட்டைப் பார்த்து இதை வாங்கி விழுங்கினார்கள். கறுப்புப் பூஞ்சை நோய் பெரிய செய்தியானது, சர்க்கரை எகிறியது பேசப்பட்டது. தனி அறையில் தூக்கமின்றிப் படபடத்தவர்களைப் பற்றி யாரும் அதிகம் கேட்கவில்லை. தொற்றுக்குப் பயந்த பயம் என்று அதை ஒதுக்கிவிடுவது எளிதாக இருந்தது.

மாற்றம் தெரிந்ததும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடவே கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போயிருக்கலாம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே உலை வைக்கும். படிப்படியாகக் குறைக்கும்போதுகூடச் சிலருக்கு மனச்சோர்வு தலைதூக்குவதுண்டு. ஆகவே வீட்டார் செய்ய வேண்டியது, மருந்து எழுதிய மருத்துவரை அன்றைக்கே பார்ப்பது. ‘டாக்டர், இவர் நாலு நாளாத் தூங்கல. முன்ன இப்படிப் பேச மாட்டார். இந்தத் தேதில மாத்திரை ஆரம்பிச்சோம்’ என்று மூன்று வாக்கியம் போதும். சாவைப் பற்றிப் பேசினாலோ யாரையாவது தாக்க முயன்றாலோ காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும், தனியே விடக் கூடாது. மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416-இல் இரவிலும் தமிழில் பேசலாம்.

சிகிச்சை நன்றாகவே வேலை செய்கிறது. நோய் அனுமதிக்கும் வேகத்தில் அளவைக் குறைப்பது முதல் வழி. குறைக்க முடியாத நிலையில் ஓலன்சாபின், ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் போன்ற மருந்துகளைக் குறைந்த அளவில் கொஞ்ச காலம் சேர்க்கிறார்கள். குழப்பம் சில நாட்களில் தெளிகிறது. மேனியா அடங்கச் சுமார் மூன்று வாரம், மனச்சோர்வு விலகச் சுமார் நாலு வாரம் ஆகலாம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆறு வாரத்துக்குள் தேறிவிடுகிறார்கள். தேறியவர், தான் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கப்படுவதும் உண்டு. கடையில் வாங்கிய கடன், மருமகளைச் சொன்ன சொல், அலுவலகத்தில் அனுப்பிய கடிதம். அவற்றைக் குற்றப் பட்டியலாக வைத்துக்கொள்ளாமல் மருந்தின் கணக்கில் எழுதிவிடும் குடும்பங்களில் நோயாளி சீக்கிரம் தலைநிமிர்கிறார்.

பிறகு ஒரு நாள் அதே நோய் திரும்பி, அதே ஸ்டீராய்டு மறுபடி தேவைப்படலாம். ஒருமுறை மனம் தடுமாறியவருக்கு மறுமுறையும் தடுமாறும் என்று உறுதியில்லை. ஒருமுறை தப்பியவர் எப்போதும் தப்புவார் என்பதும் இல்லை. 1979-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அட்ரினலைத் தூண்டும் ஊசி போட வேண்டியிருந்த நரம்பு நோயாளிகளுக்கு முன்கூட்டியே லித்தியம் கொடுத்தார்கள், அவர்களில் ஒருவருக்கும் மனப்பிறழ்வு வரவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு லித்தியம் ஆகாது என்பதால் இன்று பலரும் வேறு மருந்துகளை நாடுகிறார்கள். எந்த வழியை எடுப்பதானாலும் மருத்துவருக்குப் பழைய சம்பவம் தெரிந்திருக்க வேண்டும். பெனிசிலின் அலர்ஜியை ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதுவது போல, எந்த ஸ்டீராய்டு, எத்தனை மில்லிகிராம், எத்தனையாவது நாள், என்ன ஆயிற்று என்று அந்தப் பக்கத்திலேயே எழுதிவைக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.